அதே வரிசையில் நின்றவன்

1
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவனுக்கு ஜெயகிருஷ்ணன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவனுக்கு அது அதிகம்தான்.

முதல் தொடக்கம்: 'சதுரங்கப்பட்டினத்துக் கடலில் சூரியன் மெல்ல மெல்ல' — வேண்டாம். அந்தச் சூரியனை ஏற்கெனவே நிறையப் பேர் வேலை வாங்கிவிட்டார்கள்.

இரண்டாவது: 2008, நாவலூர். மீன்பிடிப் படகுகளுக்கு வரைபடம் காட்டும் திரை செய்கிற கம்பெனி. அந்தத் திரையில் படம் வரையவைக்கும் டிரைவர் புரோகிராமை எழுதியவன் ஜெயகிருஷ்ணன். சோதனைக்காக ஒரு திரையை சதுரங்கப்பட்டினத்து மீனவர் ராமதாஸின் படகில் மாட்டினார்கள். மறுநாள் காலை ராமதாஸ் போன் செய்தார்.

"இன்னா தம்பி, நான் இன்னும் நடுக்கடல்ல கீறேன்னு உன் பொட்டி சொல்லுது. நான் வூட்ல குந்திகினு நாஸ்தா துன்னுகினு கீறேன். யார நம்புறது?"

திரை உறைந்துபோயிருந்தது.

2
இங்கே கொஞ்சம் பாடம். (பிடிக்காதவர்கள் மூன்றுக்குப் போகலாம். மேனேஜரும் அப்படித்தான் போனார்.)

படம் வரைகிற வேலைகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். கெர்னல், அதாவது கணினிக்குள் எல்லாருக்கும் வேலை பிரித்துக்கொடுக்கிற மேஸ்திரி, முன்னால் நிற்பதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். ஒர்க் கியூ என்பார்கள். ஜெயகிருஷ்ணன் துடைக்கிற வேலை ஒன்றையும் எழுதினான்: 'இந்த வரிசையில் உள்ள எல்லாம் முடியும்வரை காத்திரு, பிறகு பழைய படங்களைத் துடை.' அருமை. எழுதியவன் அதையும் அதே வரிசையில் நிறுத்தினான்.*

* ரேஷன் கடையில் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, 'வரிசையில எல்லாரும் வாங்கினப்புறம்தான் நான் வாங்குவேன்' என்கிறவரைப் போல. அந்த 'எல்லாரி'லும் அவர் உண்டு. அன்று யாருக்கும் சர்க்கரை கிடையாது.

3
எழுதியது அவன். ஆனால் டீ குடிக்கிற அவசரத்தில் பக்கத்து சீட் மானசாவிடம், "நீயே உள்ள போட்டுடும்மா" என்று சொல்லிப் போய்விட்டான். எந்த வரியை யார் உள்ளே சேர்த்தது என்று காட்டும் பதிவில் அவள் பெயர். மானசா சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும்.

மேனேஜர் கோபாலகிருஷ்ணன் கேட்டார். "யாருப்பா பண்ணது?"

"மானசா பேர்ல இருக்கு சார்."

இதைத்தான் பொய் என்றேன். ஒரு சொல்கூடத் தப்பில்லை, பாருங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களின் பட்டியல் அந்த வாரம்தான் தயாராகிக்கொண்டிருந்தது.

(இங்கே மானசா அழுவதாக எழுதி, அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.) பஸ் ஸ்டாப்பில் கேட்டாள்:

"ஜேகே, வாயத் தொறப்பீங்களா மாட்டீங்களா?"

"உன் கன்ஃபர்மேஷன் முடியட்டும். சொல்லிடறேன்."

"நீங்க சொன்னாத்தான் அது முடியும்! லூசா நீங்க?"

4
முடிவுகள்.

அ) அவன் உண்மையைச் சொல்கிறான். அவள் வேலை தங்குகிறது. (நான்கு முறை எழுதிப்பார்த்தேன். அவன் வாய் அசையவில்லை.)

ஆ) அவள் வேலை போகிறது. அவன் விமானம் ஏறுகிறான். (இது தங்குதடையின்றி வந்தது, ஜன்னலோர சீட்டின் எண் உட்பட. 31ஏ.)

கடைசி நாளில் மானசாவே துடைக்கிற வேலையைத் தனி வரிசைக்கு மாற்றிவிட்டுப் போனாள். ராமதாஸ் மறுபடி போன் செய்தார்: "இப்ப கரெக்டா காட்டுது தம்பி. யாரு சரி பண்ணது?"

அதற்கும் அவன் —

5
கதையில் வருகிற எல்லாரும் முடிக்கட்டும், பிறகு உண்மையை எழுதலாம் என்று 31ஏ கொண்டுவந்து இறக்கிய இந்தக் குளிர் ஊரில் பதினெட்டு மாதமாகக் காத்திருக்கிறேன். கதை நகரவில்லை.

கோபாலகிருஷ்ணனுக்கு மெயில் தயார். 'சார், அந்த வரிகளை எழுதியது' என்பதுவரை அடித்தாகிவிட்டது. ஒரு பெயர்தான் பாக்கி. டீ ஆறுகிறது; நீங்களே உள்ளே போட்டுவிடுங்கள்.

(பதிவில் உங்கள் பெயர்தான் வரும்.)