மாறுகிறவர்களுக்கு மட்டும்

அதிகாரி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இதுதாம்மா உங்க நிலம். மேலேர்ந்து எடுத்த படம்."

அவள் தன் நிலத்தை மேலிருந்து பார்த்ததில்லை. கைக்குட்டை அளவுக்கு இருந்தது. நாலு ஓரமும் மடித்துத் தைத்ததுபோல் பச்சைக் கோடு. அவளுடைய வேலி. கோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பியின் நிலம், மழித்த தலை மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"அந்தப் பச்சைதான் சிக்கல்" என்றார் அதிகாரி.

"பச்சையில என்ன சிக்கல்?"

"திட்டமே உயிர்வேலி வளர்க்கிறவங்களுக்குத்தான். காத்தைத் தடுக்கும், மண்ணைக் காப்பாத்தும். நிலத்தைச் சுத்தி வளர்க்கறேன்னு ஒத்துக்கிட்டா சூரிய பம்பும் சொட்டுநீர்க் குழாயும் அரசாங்கம் தரும்."

"நான்தான் வளர்த்துட்டேனே."

"அதாம்மா. வளர்த்துட்டீங்க. இது மாறுகிறவங்களுக்கு மட்டும்."

அவர் சிடுசிடுக்கவில்லை. குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில் சொன்னார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்துகிற ஆளிடம் திருப்பிக் கத்தலாம்.

"என் தம்பிக்குக் குடுத்திருக்கீங்க."

"அவர் நிலத்து ஓரத்துல ஒரு செடி இல்ல. தகுதி இருக்கு."

"ஏன் இல்ல தெரியுமா? கூட ரெண்டு வரிசை நடலாம்னு புல்டோசர் கொண்டுவந்து வேரோட பிடுங்கினான். என் பக்கத்து வேலியையும் தொட வந்தான். குறுக்கே நின்னேன். பிடுங்கினவனுக்குப் பம்பு, குறுக்கே நின்னவளுக்குக் கைவிரிப்பா?"

"பிடுங்கினதுக்கு இல்லம்மா. நடப்போறதுக்கு."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அடுத்த மாசம் மறுபடி படம் எடுப்பாங்க" என்றார் அதிகாரி. "அதுல ஓரம் காலியா இருந்தா நீங்களும் விண்ணப்பிக்கலாம். நான் எதையும் செய்யச் சொல்லல. விதியைச் சொல்றேன்."

அதைத் திரையைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் முற்றத்தில், கிணற்றிலிருந்து கழற்றி வந்த ஆயில் எஞ்சினுக்கு முன்னால் மல்லாந்து கிடந்தார். லாரி ஓட்டி இடுப்பு போனவர். குனிய முடியாது. அதனால் எதைப் பழுது பார்ப்பதானாலும் படுத்துக்கொண்டுதான் பார்ப்பார்.

"என்ன சொன்னான்?"

அவள் சொன்னாள். அவர் ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"அப்போ நான் ஒழுங்கா வண்டி ஓட்டினது தப்பு. எங்கயாவது மோதியிருந்தா, இனிமே மோதாம ஓட்டுன்னு புது லாரி குடுத்திருப்பான்."

"சிரிக்க வேண்டாம்."

"நான் எங்க சிரிச்சேன்? இந்த எஞ்சின்தான் இளிக்குது. இதுக்குமேல இதுல மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல. உள்ளே எல்லாம் தேஞ்சு போச்சு. பத்து நாள் ஓடினா அது அதோட பெருந்தன்மை."

தக்காளி பூவெடுத்திருந்தது. இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் பூ கொட்டிவிடும். பூ கொட்டினால் இந்த வருஷம் அவ்வளவுதான். புது எஞ்சின் வாங்க வழி இல்லை. வழிகளை எல்லாம் போன மாதமே இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துவிட்டார்கள்.

"வெட்டிடுவோம்" என்றார் அவர்.

"என்னது?"

"வேலி தண்ணி இறைக்காது. பம்பு இறைக்கும். வெட்டுவோம், படம் எடுக்கட்டும், மறுபடி நடுவோம்."

அவள் கிணற்றடிக்குப் போனாள். அவர் சொன்னது தவறென்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் போனாள்.

கிணறு வேலி முடிகிற மூலையில் இருந்தது. அப்பா விட்டுப்போனது. நிலம் இரண்டாகப் பிரிந்தபோது கிணறு மட்டும் பொதுவாக நின்றது. இப்போது தம்பி பக்கத்துக் கிணற்றுச் சுவரில் புது பம்பின் குழாய் பளபளவென்று இறங்கியிருந்தது. பக்கத்தில் சூரியத் தகடுகள். அவற்றுக்கும் முன்னால், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: பசுமைக்கு மாறிய முன்னோடி விவசாயி.

முன்னோடியான தம்பி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேலிக்காரி, ஆபீஸ் போனியாமே?" அந்தப் பட்டப்பெயர் அவன் வைத்ததுதான். "கிடைச்சுதா?"

"உனக்குத் தெரியாதா?"

"நான் அப்பவே சொன்னேன். புல்டோசர் வந்த அன்னிக்கே சேர்த்து எடுத்திருந்தா இன்னிக்கு உனக்கும் பலகை. பிடிவாதம். அந்த வேலிக்குள்ள பாம்பும் மாமாவும் படுத்துக் கிடக்கறதுதான் மிச்சம்."

"உன் மண் எங்க கிடக்கு, பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையுமில்லை. ஓரம் மொட்டையான நாளிலிருந்து காற்று அவன் நிலத்தை வாரிக்கொண்டு வந்து அவள் வேலியின் அடியில் கொட்டியது. மேல்மண், பொடி மாவு மாதிரி. வேலியோரம் முழங்கால் உயரத்துக்குத் திட்டாக நின்றது.

"வேலியை வச்சு என் மண்ணைத் திருடறே" என்றான். நகைச்சுவையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு தானே சிரித்தான்.

அன்று சாயங்காலம் அவள் ரம்பக்காரருக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் காலையில் மெஷின் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வேலியை மேலும் கீழும் பார்த்தார். சிவப்புக் காய் காய்க்கிற முள்மரம், ஒடித்தால் பால் வடிகிற மரம், இரண்டையும் சேர்த்துக் கட்டியதுபோல் ஏறிய கொடி. கல்யாணமான புதிதில் அவள் ஒவ்வொரு போத்தாக நட்டது. போத்து என்றால் கைப்பிடி கனத்தில் வெட்டின கிளை. மண்ணில் ஊன்றித் தண்ணீர் விட்டால் துளிர்க்கும்.

"நல்லா இருக்கே. ஏன் வெட்டறீங்க?"

"அண்ணே, கூலி வெட்டறதுக்குத்தான். கேள்விக்கு இல்ல."

"சரி தாயி. எங்கேர்ந்து?"

"அவன் பக்கத்திலேர்ந்து. பாக்கட்டும்."

முதல் மரம் விழுந்தது. பிறகு அதற்கடுத்தது. மூன்றாவது சாயும்போது கொடியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது, ஒரு வாசல் திறந்ததுபோல் ஆயிற்று.

காற்று உள்ளே வந்தது. தம்பியின் புழுதியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தக்காளிக்குள் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் வரிசை இலைகள் சாம்பல் பூத்தன. பூக்கள் ஆடின. நிலத்தின் நடுவில் இப்படியொரு காற்றை அவள் உணர்ந்ததே இல்லை. நிறுத்து என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. கூப்பிட்டது அவள்தான். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியாமல் நின்றாள்.

"அக்கா! ஏய், நிறுத்து! நிறுத்துய்யா!"

தம்பி உழவுசாலைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தான். ஒரு கால் செருப்பு வழியிலேயே விழுந்து கிடந்தது. ரம்பக்காரர் மெஷினை அணைத்தார்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் வேறு மாதிரி நினைத்துவிட்டாள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன் என்று.

"வெட்டாதே அக்கா" என்றான், மூச்சு வாங்க. "எனக்குப் போத்து வேணும்."

"என்ன வேணும்?"

"அவங்க லாரியில கொண்டுவந்து குடுத்த கன்னு எல்லாம் கருகிப் போச்சு. எங்கயோ மலைப்பக்கத்துச் செடியாம். இப்போ இந்த மண்ணுல வளர்ந்த மரத்துப் போத்துதான் நடணும்னு சொல்லிட்டாங்க. நடலைன்னா பம்பைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க. எங்க கிடைக்கும்னு கேட்டேன். அந்த அதிகாரிதான், உங்க அக்கா வேலியிலேர்ந்து வாங்கிக்கங்கன்னார். எனக்கு மட்டும் இல்ல, திட்டத்துல இருக்கற எல்லாருக்கும் அதைத்தான் சொல்றார்."

அவளுக்குக் காதில் இரைச்சல் கேட்டது. ரம்பம் ஓடவில்லை.

"சிக்கல்னு சொன்னாரே" என்றாள் மெதுவாக. "அதே வேலியா?"

"அது வேற, அக்கா. அது மானியத்துக்கு." அவன் குனிந்து விழுந்து கிடந்த கிளையைப் பற்றினான். "சரி, இதையாவது எடுத்துக்கறேன்."

அவள் கிளையின் மேல் காலை வைத்தாள்.

"அது விறகு. என் விறகு."

"அக்கா..."

"அண்ணே, மெஷினைப் போடுங்க. மிச்சத்தையும் வெட்டுங்க."

"ஐயோ, வேண்டாம்! என்னதான் வேணும் உனக்கு? சொல்லு."

அவள் வெட்டமாட்டாள். அது அந்த வாசலில் புழுதி வந்தபோதே முடிவாகிவிட்டது. ஆனால் அது அவனுக்குத் தெரியாது. தெரியவும் அவள் விடவில்லை.

"தண்ணி" என்றாள். "உன் பம்பிலேர்ந்து. ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு. கிணறு பொதுதானே."

"கிணறு பொது, பம்பு பொது இல்லியே! பட்டியல்ல இருக்கற நிலத்துக்குத்தான் பாயணும். வேற நிலத்துக்கு விட்டா திரும்பப் புடுங்கிக்குவாங்க. விதி."

"விதி மேலேர்ந்து படம் எடுக்கும். குழாய் மண்ணுக்குள்ள போகும். இதோ, மூணு மரம் விழுந்த இடம் இருக்கு. இதுவழியாத் தோண்டு."

"யாராவது பாத்தா?"

"பாத்தா ஆளுக்குக் கொஞ்சம் அவமானம். பாக்கலைன்னா உனக்கு வேலி, எனக்குத் தக்காளி."

"இது மிரட்டல்."

"ஆமா."

அவன் ரம்பக்காரரைப் பார்த்தான். ரம்பக்காரர் வேறு எங்கோ பார்த்தார்.

"ஆள் கூட்டிட்டு வரேன்" என்றான் தம்பி.

"ஆள் வேண்டாம். ஆளுக்கு வாய் இருக்கும். நீ தோண்டு. இப்போ. குழாய்ல தண்ணி வந்தப்புறம் போத்து."

அவன் தோண்டினான். மத்தியானம் வரை தோண்டினான். தன் நிலத்திலிருந்து பறந்து வந்த மண்ணையே முதலில் வெட்டி ஒதுக்க வேண்டியிருந்தது. புருஷன் வரப்பில் சாய்ந்து படுத்துக்கொண்டு, "மாப்பிள்ளே, இடது பக்கம் வளையுது பாரு" என்று மேற்பார்வை செய்தார். அவள் சிரிக்கவில்லை. மாலையில் தண்ணீர் வந்தது. தக்காளி இலைகளைக் கழுவ அது போதவில்லை. வேருக்குப் போதும்.

அதற்கப்புறம் அவளே வேலியில் ஏறிக் கிளை பார்த்துப் போத்து வெட்டிக் கொடுத்தாள். யாரையும் தொட விடவில்லை. தம்பி தன் ஓரங்களில் நட்டான். மூன்று மரம் விழுந்த இடத்தில் அவளும் மூன்று போத்து நட்டாள். காற்று அவற்றின் வழியே தாராளமாக வந்துபோனது. அவை மரமாகும்வரை வந்துபோகும். ஒவ்வொரு முறை புழுதி முகத்தில் அடித்தபோதும் அவள் தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

அதிகாரி படம் எடுக்க வந்தார். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வரப்போரம் நின்றான். அவள் அந்த இடைவெளியில் நின்றாள், காலுக்குக் கீழே குழாய். அன்று அவளுடைய நாள். மண்ணுக்குள் தண்ணீர் ஓடுவது பாதத்தில் லேசாகத் தெரிந்தது. தம்பி அவள் காலையே பார்த்துக்கொண்டு வியர்த்தான்.

அதிகாரி போனைத் தூக்கிப் பிடித்தார், இறக்கினார். போத்துகள் இன்னும் துளிர்க்கவில்லை.

"பச்சையே விழலியே. மேல அனுப்பணும்." சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "சார், இப்படித் திரும்பி நில்லுங்க. பின்னால அந்த வேலி வரட்டும். ஜோரா இருக்கும். அம்மா, நீங்க கொஞ்சம் நகர்ந்துக்கங்க. பயனாளி மட்டும்."

அவள் நகரவில்லை.

"என் வேலி உங்க படத்துல விழக்கூடாது."

"சும்மா பின்னாலதாம்மா..."

"மேலேர்ந்து எடுத்தா சிக்கல். பக்கத்திலேர்ந்து எடுத்தா ஜோரா?"

"அக்கா, விடேன்" என்றான் தம்பி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"அந்தப் பக்கம் திரும்பி எடுங்க" என்றாள் அதிகாரியிடம்.

"அங்க வெறும் குச்சிதானேம்மா தெரியும்?"

"அதைத்தானே நட்டிருக்கான்."

அதிகாரி போனில் படிந்த புழுதியைச் சட்டையில் துடைத்தார். பிறகு தம்பியைத் திருப்பி நிறுத்தினார். முகத்தில் நேர் வெயில். காற்று புழுதியைக் கிளப்பியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் திறங்க சார்" என்றார் அதிகாரி. "கண்ணைத் திறங்க."