ஆறப்போடுதல்

மெக்கானிக் மூன்றாவது தடவையாக வர வேண்டிய நாளில் வாஷிங் மெஷினை வேண்டுமென்றே நிற்கவைத்தேன். அக்கா வேலைக்குக் கிளம்பியதும் ஒரு சுற்று போட்டேன். அது முடிந்த சூட்டோடு இன்னொன்று. இரண்டாவது சுற்றின் பாதியில், பதினோரு மணிக்கு, நின்றது. கதவு பூட்டிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிறத் தண்ணீரில் அப்பாவின் விரிப்புகள் மூன்று கிடந்தன. திரையில் பிழை எண் மினுக்கியது. இந்த வீட்டில் மெஷின் நின்றதற்காக ஒருவர் நிம்மதிப்பட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த மாதம், கடையில் இருந்ததிலேயே உசத்தியான மெஷினைக் காட்டச் சொல்லி வாங்கினாள். "ஒரு தடவை வாங்கிட்டா அப்புறம் இதைப் பத்தி நினைக்கவே கூடாது" என்றாள். துணியின் எடையை அதுவே பார்க்கும், சோப்பை அதுவே ஊற்றும், துவைத்து உலர்த்தியும் கொடுக்கும். அப்பா ஒரு நாளைக்கு இரண்டு விரிப்பு நனைப்பார், சில நாள் மூன்று. நான்கு வருடம் மெஷினைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அதுவரை சொன்ன சொல் தவறாத மெஷின்தான்.

ஐந்தாவது வருடத்தில் நிற்க ஆரம்பித்தது. நின்ற நாட்களில் அக்கா குளியலறையில் குந்தி உட்கார்ந்து கையால் துவைத்தாள். அவளுடைய மணிக்கட்டில் பழைய எலும்பு முறிவுக்கு வைத்த தகடு இருக்கிறது. நான் துவைத்தால் நாற்றம் போகவில்லை என்று திரும்ப எடுத்து அலசுவாள். அதனால் நான் துவைப்பதில் இருவருக்கும் லாபமில்லை.

மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டுக்கு ஐந்து வருட வாரண்டி. இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கோளாறை மெக்கானிக் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று முறை வந்தும் பார்க்காவிட்டால் புகாரை மூடிவிடுவார்கள். இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் மெஷின் விருந்தாளி முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி ஒழுங்காக ஓடியது. "கோளாறு காணப்படவில்லை" என்று எழுதி அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

தப்பு என்னுடையது. இரண்டு வருடம் வேறொரு கம்பெனியின் புகார் லைனில் இரவு ஷிப்ட் பார்த்தேன். டிவி, ஃப்ரிட்ஜ், ஏசி, எதுவானாலும் முதலில் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்றுதான்: "பிளக்கைக் கழற்றி வச்சிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டிப் பாருங்க." அதற்கு எங்களுக்குள் ஆறப்போடுறது என்று பேர். "மெஷினும் ஆறும், கஸ்டமரும் ஆறிடுவாங்க" என்பார் சூப்பர்வைசர். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடுவதில்லை. வேலையை விட்டேன், வாசகம் என்னை விடவில்லை. இந்த மெஷின் முதன்முதலாக நின்றபோது அக்காவிடமும் அதையே சொன்னேன். அவள் அதை மருந்துச் சீட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் வரும் நாட்களில் காலையிலேயே பிளக்கைக் கழற்றி, மெஷினை உள்ளும் புறமும் துடைத்து வைத்தாள். அடுத்தவர் கை வைக்கிற பொருள் அழுக்காக இருக்கக்கூடாதாம். அவர் வருவதற்குள் அது மூன்று மணி நேரம் ஆறியிருக்கும்.

சூடேறினால்தான் மெஷின் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது. அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ நானே தொடச்சித் தொடச்சி சாட்சியை அழிச்சிருக்கேன்."

"ரெண்டு பேரும்தான்."

"நீ சொல்லித்தான்டா செஞ்சேன்."

"ஆமா."

"இந்தத் தடவை பிளக்கை யாரும் தொடக்கூடாது. நானே போன் பண்ணிக் கெஞ்சினாலும் தொடாதே" என்றாள்.

மெக்கானிக் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஒன்றரைக்கு அவரே கூப்பிட்டார். "முந்தின வீட்ல ஃப்ரிட்ஜ் இழுத்தடிக்குது தம்பி. மூணாயிடும்."

அப்பாவுக்கு முதல் நாள்தான் மாத்திரை மாற்றியிருந்தார்கள். அது வயிற்றைக் கலக்கிவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் மீதி இருந்த இரண்டு விரிப்புகளும் போய்விட்டன. நான் அவரைப் புரட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு குழறும், ஆனால் புரியும்.

"மெஷினுக்கு என்னவாம்? கிளட்ச் போச்சா?"

"போர்டுப்பா."

"எந்த ஊர் போர்டு?"

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார், வாயின் ஒரு பக்கத்தால்.

என் விரிப்பைப் போட்டேன், அரை மணி நேரம் தாங்கியது. அக்காவின் விரிப்பைப் போட்டேன். அதுவும் போனது. பிறகு ஜன்னல் திரையைக் கழற்றி நாலாக மடித்துப் போட்டேன். வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்ததால் கட்டிலை இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. இரண்டு மணிக்குத் திரையும் நனைந்தது. பக்கத்து வீட்டில் பூட்டு. அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போக முடியாது.

"வெறும் ரெக்சின் மெத்தைலயே கெடக்கிறேன்டா. அந்தாளு வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"புண்ணு?"

"எனக்கு அங்க ஒண்ணும் தெரியல."

தெரியாது என்பதுதான் சங்கடம். அவருடைய இடுப்புக்குக் கீழே ஒரு படுக்கைப் புண் இருந்தது. அதை மூடவைக்க அக்காவுக்கு ஏழு மாதம் பிடித்தது. வேர்வை இறங்காத ரெக்சினில் கிடந்தால் எத்தனை மணி நேரத்தில் திரும்பத் திறக்கும் என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். மருத்துவ விவரங்களை அவள் மிரட்டுகிற மாதிரித்தான் சொல்வாள். அவரை இடது பக்கம் சாய்த்துத் தலையணையால் முட்டுக் கொடுத்தேன். அவரால் அப்படி அதிக நேரம் இருக்க முடியவில்லை, சரிந்துவிட்டார். இரண்டரைக்குப் புரட்டிப் பார்த்தேன். பழைய தழும்பைச் சுற்றிச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் தொடங்குகிறது என்பாள் அக்கா. வெளுக்கவில்லை.

மெஷின் அருகில் போய் நின்றேன். பிழை எண் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது, மின்சாரம் போய்க்கொண்டே இருந்ததால் பின்பக்கம் சூடாகவே இருந்தது. அரை மணி நேரத்தில் மெக்கானிக் வந்துவிடலாம். வராமலும் போகலாம். பிளக்கைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் கதவு டக்கென்று விட்டது. தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது. விரிப்புகளைக் குழாயில் அலசிப் பிழிந்து திரும்ப உள்ளே போட்டு, மெஷின் சீக்கிரம் ஆற ஒரு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். அது நின்றுவிடக் கூடாதே என்று இப்போது பயமாக இருந்தது.

மூன்று மணிக்கு மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வலியால் படியேறும்போதே முனகினார். ஈரத் தரையைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், சுவரில் தொங்கிய பிளக்கைப் பார்த்தார்.

"ஆறப்போட்டுட்டீங்களா?"

அந்த வார்த்தையை வெளியாள் வாயில் நான் கேட்டதில்லை.

"லைன்ல வேலை பார்த்தேன்" என்றேன்.

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க."

"அப்பாவுக்கு விரிப்பு இல்லை."

அவர் அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பிளக்கை மாட்டி, துவைத்து உலர்த்தும் சுற்றைப் போட்டார். மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போர்டுல விரிசல் இருக்கும். சூட்டுல விலகும், ஆறினா ஒட்டிக்கும். இந்த மாடல்ல இதான் வேலை."

"அதையே எழுதுங்களேன்."

"எனக்குத் தெரியும் தம்பி. நான் பாக்கலையே. திரையில வர்ற பிழை நம்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுவாங்க கம்பெனில."

"ரெண்டாவது சுத்துல நிக்கும். இருந்து பாருங்க."

"அதுக்கு ரெண்டு மணி நேரம் வேணும். இன்னும் அஞ்சு வீடு பாக்கி." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "அஞ்சு வீட்லயும் நின்னு போனதுதான்."

"இவ்வளவு உசத்தி மெஷின் இப்படியா?"

"சாதா மெஷினும் கெடும், இதுவும் கெடும். இதுல கெடுறதுக்கு சாமான் ஜாஸ்தி. அவ்வளவுதான்."

"உங்க வீட்ல எது?"

"இதேதான். வேலை செய்யறவங்களுக்குத் தள்ளுபடில குடுத்தாங்க. ரெண்டு போர்டு மாத்திட்டேன், நானே மாத்திக்கிறதால பொண்டாட்டிக்கிட்ட மானம் தப்பிச்சுது."

பதினைந்து நிமிடம் அவருடைய கணக்கில் முழுச் சோதனை. எழுதி நீட்டினார். அதே இரண்டு வார்த்தைகள். கையெழுத்துப் போட்டேன். வாசல் வரை போனவர் திரும்பி, "அப்பாவை ரெக்சின்ல போடாதீங்க தம்பி" என்றார். அவர் படியிறங்கி முடிப்பதற்குள் என் போனில் புகார் மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் சேவையில் திருப்தியா என்றும் கேட்டிருந்தார்கள்.

விரிப்புகள் சூடாக, மொரமொரப்பாக வந்தன. ஒன்றைப் போட்டு அப்பாவைப் படுக்கவைத்தேன்.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"பார்த்தாரா?"

"இல்லை. நான்தான் பிளக்கை எடுத்தேன்."

அவள் நேராக அப்பாவின் அறைக்குப் போனாள். அவரைப் புரட்டுவதும், விளக்கைப் போடுவதும் கேட்டது. பிறகு அப்பா, "அவனைத் திட்டாதே, நான்தான் அவசரப்பட்டேன்" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை மணிக்கு எடுத்தே?"

"ரெண்டரைக்கு."

"ஒரு மணிக்கே எடுத்திருக்கணும்."

"நீதானே தொடாதேன்னே?"

"சொன்னேன்" என்றாள். "லேசா செவந்திருக்கு. ராத்திரி பூரா ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடணும். முதல்ல நீயா, நானா?"

"நான்" என்றேன்.

அவள் எழுந்து, நாறிக்கிடந்த துணிக் குவியலை இரண்டாகப் பிரித்தாள். சின்னக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.