சேனாதிபதி வளர்த்த முடி

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த சுந்தராம்பாளுக்கு ஒரே மகன் சேனாதிபதி. அவனுக்குப் பிடித்த பாட்டெல்லாம் கேட்பவனை அடிக்க வருகிற பாட்டு. கொடைக்கானலில் படித்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஊருக்குப் போகும்போது தள்ளிவிட்டுப் போன கேசட்டில் பிடித்தது அந்தப் பித்து. ஹெவி மெட்டல் என்று அதற்குப் பெயராம். கடையில் வாழைப்பழம் உரிக்கிற பெண்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். சாமி இருக்கிற ஊர், அதை இங்கே சொல்ல வேண்டாம்.

கேசட்டில் கேட்டால் போதுமா, நேரில் பார்க்க வேண்டாமா? எண்பத்து நாலாம் வருஷத்து சீசனில் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினான். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் புல்வெளியில் பெங்களூர்க் கோஷ்டி ஒன்று வாசிக்க வந்திருந்தது. நம் ஆள் தேங்காயெண்ணெய் வழிய வகிடெடுத்துச் சீவி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி போய் நின்றான். சுற்றிலும் கறுப்பு பனியன், தோளில் புரளும் முடி. கிதார் அலறியதும் அத்தனை பேரும் சாமி வந்தது போலத் தலையைச் சுழற்றினார்கள். சேனாதிபதியும் சுழற்றினான். படிய வாரிய தலையில் ஒரு மயிர் அசைய வேண்டுமே!

"பிரதர், பால் கேன் எடுக்க வந்தீங்களா? கிச்சன் பின்னாடி இருக்கு" என்றான் மெட்ராஸ் காலேஜ் பையன் ஒருவன். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவமானத்தில் அன்றைக்கே தீர்மானித்துவிட்டான், முடி வளர்ப்பதென்று. ஆனால் சுந்தராம்பாள் விடுவாளா? ரெண்டு மாசம் கழித்து, "ஏலே, என்ன கோலம் இது? சலூன்காரன் செத்தா போயிட்டான்?" என்று பிடித்துக்கொண்டாள்.

"நேர்த்திக்கடன்மா" என்றான் சேனாதிபதி.

பழனியில் அந்த ஒரு வார்த்தைக்கு மறுபேச்சுக் கிடையாது. "என்னலே வேண்டுதல்?" என்று கேட்டாள். வெளியே சொன்னால் பலிக்காது என்று புளுகினான். சுந்தராம்பாள் அவனைப் பார்த்தாள். பிறகு, எழுந்தால் உட்கார முடியாமல், உட்கார்ந்தால் எழ முடியாமல் வருஷக்கணக்காக வலிக்கிற தன் முழங்கால்களைப் பார்த்தாள். "எனக்காகவால வேண்டிக்கிட்டே?" இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும் அந்தப் பயல். தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புறம் என்ன, ராஜ மரியாதைதான். பஸ் கண்டக்டர் முன் சீட்டைக் கொடுத்தார். கடைக்கு வந்த வெளியூர்ப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூக்கடை சண்முகவள்ளி, "பெத்தா இப்படி ஒரு புள்ளயப் பெறணும் மதினி" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். அடுத்த சீசனில், கழுத்து வரை தொங்கிய முடியோடு புல்வெளியில் போய் நின்றபோது அந்த மெட்ராஸ் பையனே "ஹாய் மேன்!" என்று தோளில் கை போட்டான். சேனாதிபதி பூரித்துப் போய்ச் சுழற்று சுழற்றென்று சுழற்றியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில் பெருமாள்மலையில் டீ குடிக்கக்கூடக் குனிய முடியவில்லை. வீட்டில் கேட்டதற்கு, மலையில் தியானம் செய்ததாகச் சொன்னான். சுந்தராம்பாள் தைலம் தேய்த்துவிட்டாள்.

எண்பத்தாறில் முடி முதுகைத் தொட்டுவிட்டது. அந்த வருஷம் கோஷ்டி பெரியது, லாரியில் ஸ்பீக்கர் வருகிறது, மேடைக்கு முன்னால் நிற்க இடம் பிடித்துவைக்கிறேன் என்று மெட்ராஸ் பையன் கார்டு போட்டிருந்தான். சேனாதிபதிக்குத் தூக்கமே வரவில்லை. இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை ஈரும் பேனும்!

அந்த வாரம்தான் சுந்தராம்பாள் கல்லாவிலிருந்து சட்டென்று எழுந்து, சுவரைப் பிடிக்காமல் தெருவைக் கடந்து, சண்முகவள்ளி கடை முன்னால் நின்று கூவினாள்: "வலி போயிருச்சுடி! என் புள்ள வேண்டுதலுக்கு முருகன் கண்ணத் தொறந்துட்டான்! சனிக்கிழம முடியெறக்கிறோம்!"

சேனாதிபதி கார்டை எடுத்துத் தேதி பார்த்தான். கச்சேரியும் அதே சனிக்கிழமை சாயங்காலம்.

"அவசரப்படாதம்மா. திரும்ப வலி வந்துட்டா என்ன பண்றது? அடுத்த வாரம் பாப்போம்."

"சாமி குடுத்ததச் சந்தேகப்படுவியால? வேற சோலி இருந்தா அதத் தள்ளிப் போடு."

உண்மையைச் சொல்லி முடியைக் காப்பாற்றலாம். சொன்னால், உன் முழங்காலுக்காக நான் வேண்டவே இல்லை என்று பெற்றவளிடம் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை வெள்ளனே முடிக்கொட்டகையில் உட்கார்ந்தான். ரெண்டு வருஷ மெட்டல் நிமிஷத்தில் மடியில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. "பக்திடா, பக்தி" என்றார் நாவிதர். மொட்டையில் சந்தனத்தை அப்பிக்கொண்டு வெளியே வந்தால், சுந்தராம்பாள் மலைக்கு இழுத்துப் போகிற விஞ்ச் வண்டியே வேண்டாம், நானும் படியேறித்தான் வருவேன் என்று முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மண்டபத்துக்கு மண்டபம் நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு, "முருகா!" என்று மலையதிரக் கத்தினாள்.

மத்தியானப் பஸ்ஸைப் பிடித்து, அந்தக் கோலத்திலேயே கச்சேரிக்கும் போனான். போகாமல் இருக்க முடியுமா அந்தப் பைத்தியத்தால்? மெட்ராஸ் பையன் அவனை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. "சாமி, பஜனை இங்க இல்ல" என்று வழிவிட்டான். டிரம்ஸ் முழங்கியது, முடிகள் பறந்தன. கொடைக்கானல் குளிர் மொட்டை மண்டையில் ஊசி ஊசியாக இறங்கியது. சேனாதிபதியும் சுழற்றினான். காய்ந்த சந்தனம்தான் உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற பெண் தன் கறுப்பு பனியனில் விழுந்ததைத் தட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

சீசன் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் மறுநாள் காலையில்தான் வீடு வந்து சேர்ந்தான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சுந்தராம்பாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரெண்டு முழங்காலும் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தன. சண்முகவள்ளி உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குணமாயிருச்சுன்னு ஊரக் கூட்டுனீங்களே மதினி, இப்ப இப்படி வீங்கிக் கெடக்கு?"

"எங்கடி குணமாச்சு? அந்த மயிர எறக்க வேற வழி தெரியல. பொய்தான் சொன்னேன். அவன் சொன்ன பொய்க்கு என் பொய் சரியாப் போச்சு."

"அவன் உங்களுக்காக வேண்டிக்கிட்டதா..."

"வேண்டிக்கிட்டான்! ரெண்டு வருசத்துல ஒரு நா, ஒரே ஒரு நா, 'முட்டி எப்படிம்மா இருக்கு'ன்னு கேட்டிருப்பானாடி?"

வாசலில் நின்ற சேனாதிபதிக்குக் காது மடல் எரிந்தது. எந்தக் கச்சேரியிலும் அவனுக்கு இப்படிக் காது அடைத்ததில்லை. உள்ளே போய், சண்முகவள்ளி கையிலிருந்த உப்பு முடிச்சை வாங்கினான். வீங்கிய முழங்காலில் மெல்ல வைத்தான்.

"முட்டி எப்படிம்மா இருக்கு?"

சுந்தராம்பாள் அவன் மொட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"மயிரு போனதும் மண்டைக்குள்ள காத்து நொழஞ்சிருக்கு போல" என்றாள். "அழுத்திக் குடுலே, வலிக்குது."