தலைகீழாகப் புதைத்த பாட்டில்

அமெரிக்காவின் கென்டக்கியில் கல்யாணம் என்றால் ஒரு மாதம் முன்பே குழி தோண்டிவிடுவார்கள். மோதிரம் மாற்றப்போகும் இடத்தில் ஒரு முழு போர்பன் விஸ்கி பாட்டிலைத் தலைகீழாகப் புதைத்துவிட்டால் அன்றைக்கு மழை எட்டிப் பார்க்காது. கல்யாணத்தன்று தோண்டியெடுத்துக் குடித்துக்கொள்ளலாம். ஐம்பத்தாறு வயதில் கல்யாணம் செய்துகொள்ளும் ஆர்டித்தும், மாப்பிள்ளை கிளெமிடம் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒன்றைப் புதைக்கச் சொல்லியிருந்தாள்.

மழை வராது, சரி. அண்ணன் ஹோபர்ட் வருவானா? மணமகளாகக் கைபிடித்து மாப்பிள்ளையிடம் அழைத்துப்போக அவனை விட்டால் அவளுக்கு யாருமில்லை. அவன் குடியிருப்பது வேலிக்கு அந்தப் பக்கம்தான். தங்கையோடு வேலிக்கு மேல் பேச்சு உண்டு. ஆனால் மூன்று வருஷமாக இந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோதும் "பாப்போம்" என்றுவிட்டான்.

காரணம் புதினா. மூன்று வருஷம் முன்பு குதிரைப் பந்தயத்தன்று ஜூலெப் என்கிற புதினா போட்ட விஸ்கி கலக்கிய கிளெம், புதினாவைச் சர்க்கரையோடு போட்டு நசுக்கிவிட்டான்.

"அது வாசனைக்குடா! மாட்டுத் தீவனமா இடிக்கிற?" என்று கத்தினான் ஹோபர்ட்.

"நசுக்காத புதினா எதுக்கு, காதுல சொருகிக்கவா?" என்றான் கிளெம்.

வெள்ளிக் கோப்பையை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போனவன்தான் ஹோபர்ட். இந்த ஊரில் சொத்துத் தகராறுகூடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கல்யாணத்தன்று வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கிளெம் மண்வெட்டியால் தோண்டி பாட்டிலை எடுத்தான். பக்கத்திலேயே மறுபடி டங்கென்று சத்தம்.

"இன்னொண்ணு இருக்கு ஆர்டித்! நான் ஒண்ணுதான் பொதைச்சேன், சத்தியமா!"

அதுவும் தலைகீழ், அதுவும் முழுசு. சுற்றியிருந்த நீலக் கட்டம் போட்ட துணியை ஆர்டித் மண் தட்டிப் பார்த்தாள். ஹோபர்ட்டுக்கு அவள் தைத்துக்கொடுத்த பழைய சட்டையின் கை. பாப்போம் என்று முறுக்கிக்கொண்டிருந்தவன், அவள் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து வந்து புதைத்திருக்கிறான்.

"இந்த பாட்டிலத் தொற. ஐஸப் பொடி பண்ணு," என்றாள் கிளெமிடம். "புதினாவ நசுக்குன, இன்னிக்குக் கல்யாணம் கெடையாது."

கிளெம் கலக்க ஆரம்பித்தான். சர்க்கரைப் பாகு, போர்பன், பொடித்த ஐஸ், மேலே முழுசாக ஒரு கொத்துப் புதினா. கோப்பையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்தது. அது கலையாமல் விளிம்பைப் பிடித்து வேலியோரம் கொண்டுபோனாள்.

"அண்ணே!"

கூப்பிட்ட மறுநிமிஷம் அவன் வீட்டுக் கதவு திறந்தது. கோட்டும் டையும் பளபளக்கும் ஷூவுமாக நின்றான் ஹோபர்ட். விடிந்ததிலிருந்தே உடுத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறான், கள்ளன்! வேலியருகே வந்து கோப்பையை வாங்கி, மூக்கைப் புதினாவுக்குள் விட்டு முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான்.

"யார் கலந்தது?"

"ஒன் மாப்பிள்ளதான். நசுக்கல."

வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு கையில் கோப்பை, மறு கையில் தங்கை. கிளெம் எதிரே வந்ததும் நின்றான்.

"நான் பொதைக்கும்போதே பாத்தேன் மாப்ள, ஒன் பாட்டில் கோணலா இருந்துச்சு. அத நம்பியிருந்தா இந்நேரம் எல்லாரும் நனைஞ்சிருப்போம்."