நாலாவது கம்ப்ளெயிண்ட்

ஒரே மாதத்தில் சம்பத் நாலாவது தடவையாகப் படூருக்குப் பஸ் ஏறி வந்திருந்தான். மனை விற்கும் அலுவலகத்து லேசர் பிரிண்டர் மறுபடி கத்துகிறதாம். "காரணத்தக் கண்டுபுடிச்சி, கஸ்டமர் கையெழுத்தோட ரிப்போர்ட் கொண்டா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்று செங்கல்பட்டு சர்வீஸ் சென்டர் மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"வா நைனா. மொளகா அரைக்கிற மெஷினு மாரி கத்துது. மனை கேக்க வந்தவங்க காதப் பொத்திக்கினு ஓடறாங்க" என்றாள் தெய்வநாயகி. அலுவலகம் அவளுடையது.

முதல் தடவை ரோலரை மாற்றினான். அடுத்து ஃப்யூசர். அதற்கடுத்து பல்சக்கரம். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டு ஓடும், அப்புறம் கடகட. இனி மாற்ற மிச்சமிருந்தது வெளிக்கூடுதான். வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு, எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி மிஷினைக் கவிழ்த்தான்.

மேஜையில் மஞ்சள் அரிசி கொட்டியது. பாதி நொய்.

"மேடம், இது இன்னா?"

"அட்சதப்பா. நீ ரிப்பேர் பண்ணிட்டுப் போன ஒவ்வொரு தபாவும் சூடம் காட்டிப் போடுவேன். திரும்ப ரிப்பேர் ஆவக் கூடாது பாரு."

"மேல ஓட்ட ஓட்டயா கீதே, தெரியலியா?"

"காத்துக்கு வுட்டுக்கீறான்னு நெனச்சேன்."

சம்பத்துக்குத் தலையை மேஜையில் முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எல்லாவற்றையும் துடைத்து மாட்டி, ஒரு தாளை ஓட்டிக் காட்டினான். சத்தமே இல்லை. ரிப்போர்ட்டில் 'காரணம்: அரிசி' என்று எழுதி நீட்டினான்.

படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "சாமி அரிசியால கெட்டுச்சின்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடலேன்னா எனக்கு வேல பூடும் மேடம்."

"பூஜைய வுட்டா எனக்கு வியாபாரம் பூடும்."

அலமாரி மேல் ஒரு காலி டோனர் பெட்டி கிடந்தது. சம்பத் அதை எடுத்து அவள் முன் வைத்தான்.

"பெருமாள் கோயில்ல சுதை மூலவருக்கு அபிஷேகம் பண்ணா கரைஞ்சி பூடுவாருன்னு உற்சவருக்குத்தானே பண்றாங்க? மிஷின் மூலவரு. இது உற்சவரு. பூவு, சூடம், அரிசி எல்லாம் இவருக்குப் போடுங்க."

தெய்வநாயகி பெட்டியையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப தப்பு அரிசி மேல இல்ல. போட்ட எடந்தான் தப்பு. அப்டி எழுது."

'காரணம்: அரிசி, தவறான இடத்தில்' என்று எழுதினான். கையெழுத்துப் போட்டாள். அவள் மனசு மாறுவதற்குள் சம்பத் ரிப்போர்ட்டைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான்.