நசுங்காத துண்டு

என் கணவர் நுரையீரல் டாக்டர். தொண்டை வழியாகக் குழாயை இறக்கி, மூச்சுக்குழாயிலிருந்து சதைத் துணுக்கு எடுப்பார். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்வது என் வேலை. ஆஸ்பத்திரியில் அவர் எடுப்பதற்கு நான் குறை சொல்வேன்; வீட்டில் நான் சமைப்பதற்கு அவர் குறை சொல்வார்.

எங்கள் தீராத சண்டை இடுக்கியைப் பற்றியது. அவருக்கு அதுதான் உயிர். கிள்ளினோமா, எடுத்தோமா என்று வேலை முடியும், ரத்தமும் அவ்வளவாக வராது. ஆனால் என்னிடம் வந்து சேருவது எள்ளளவு, அதிலும் பாதி நசுங்கல். குளிர்க்கம்பி முறை வேறு. கம்பியின் நுனி சதையை உறைய வைத்து ஒட்டிக்கொள்ளும். அப்படியே இழுத்தால் பெரிய துண்டாக, நசுங்காமல் வரும். கூடவே ரத்தமும் வரும். அதனாலேயே அவர் கம்பியைத் தொடத் தயங்குவார்.

போன வாரம் அவர் குழாய் இறக்கியது என் தம்பிக்கு. இருமினால் ரத்தம், ஸ்கேனில் மூச்சுக்குழாய்க்குள் ஒரு தடிப்பு. இடுக்கியால் எடுத்த துணுக்கெல்லாம் கறுத்து இழுபட்டிருந்தன. புற்றா, வெறும் வீக்கமா? நசுங்கிய செல்களை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை.

"ஏதாவது சொல்லேன்," என்றார்.

"என்னத்தச் சொல்ல? அரைச்சுல்ல குடுத்திருக்கீங்க! கம்பி போட்டு எடுங்க."

"ரத்தம் நிக்கலேன்னா? உங்க அம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

தம்பி குறுக்கே புகுந்தான். "மாமா, என் தொண்டைய வச்சு ரெண்டு பேரும் பட்டிமன்றம் நடத்தாதீங்க. அக்கா சொல்ற மாதிரியே எடுங்க."

எடுத்தார். ரத்தம் கொட்டியது, பலூன் வைத்து அடைத்து நிறுத்தினார். பிடிவாதம் பிடித்தவள் நான்தானே, ரத்தம் நிற்கும் வரை அங்கேயே நின்றேன்.

சொந்தக்காரர் துண்டை வேறு யாராவது பார்ப்பதுதான் முறை. முறையாவது ஒன்றாவது! ஸ்லைடு தயாரானதும் நானே முதலில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் சிறிய லென்ஸ். அடடா, என்ன துண்டு! ஓரம் கிழியவில்லை, எதுவும் நசுங்கவில்லை, மேல்தோலும் சுரப்பிகளும் இருந்த இடத்தில் இருந்தபடியே. இப்படி ஒன்றுக்கு எத்தனை வருஷமாக ஏங்கியிருக்கிறேன்! என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

அப்புறம் பெரிய லென்ஸைத் திருப்பினேன். செல்கள் ஒவ்வொன்றும் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை, புற்றுதான்.

ஓரத்திலிருந்து ஓரம் வரை இன்னொரு முறை பார்த்தேன். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். தம்பி போனில் இருந்தான்.

"ஒண்ணுமில்லம்மா! அக்கா பாத்துட்டுச் சிரிச்சுட்டா. என் கண்ணால பாத்தேன்."

திரும்பி என் முகத்தைப் பார்த்தவன் பேச்சை நிறுத்தினான்.

"அக்கா... சிரிச்சியே?"

"துண்டு நல்லா வந்திருந்துச்சுடா," என்றேன்.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். அதில் அம்மா இன்னும் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.