நட்சத்திரத்திலிருந்து வந்த நாற்பது பேர்

என் அண்ணன் காதில் எந்தப் பொருளின் வயதும் பாதியாகத்தான் விழும். அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் கடையில் ஆயுசைக் கழித்தவர். நாற்காலி தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைகிற எவனும் "இது எங்க பாட்டனுக்குப் பாட்டன் உட்கார்ந்தது" என்றுதான் ஆரம்பிப்பான். அண்ணன் நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்கம் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "அவரு போன வருஷம்தான் தவறினாரா?" என்று கேட்பார். அவ்வளவுதான், பாட்டன் படியிறங்கிப் போய்விடுவார்.

அந்த அண்ணனைத்தான் ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னாள் அவருடைய மகள்.

மகளை வீட்டில் தராசு என்றுதான் கூப்பிடுவோம். பட்டம் கொடுத்தவன் சித்தப்பனாகிய நான். சின்ன வயசில் அவளுக்குக் கொடுத்த மிட்டாய் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்கூடத் திருப்பித் தந்துவிடுவாள். இப்போது கிரேன் வாடகைக்கு விடும் கம்பெனியில் வேலை. எந்தப் பாரத்தை எந்தக் கயிறு தாங்கும் என்று கணக்குப் போடுவது அவள் பொறுப்பு. அதே கம்பெனியில் ஒரு பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையன் தங்கம். பையனின் அப்பா பல் டாக்டர். அவரும் தங்கம்தான், ஓரத்தில் ஒரு சின்னச் சொத்தை.

ஆதிகாலத்துப் பெரிய கல் கட்டடங்களை எல்லாம் மனிதர்கள் கட்டவில்லை, நட்சத்திரத்திலிருந்து நாற்பது பேர் இறங்கி வந்து கட்டிக்கொடுத்தார்கள் என்பது டாக்டரின் முடிவு. நாற்பது என்ற கணக்கு எப்படி வந்தது என்று அவர் மனைவிக்கே தெரியாது. வீட்டுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு முதலில் அந்தப் படங்களைத்தான் போட்டுக் காட்டுவார்.

"டாக்டரோட பெரிய பையனுக்கு முதல்ல பேசின இடத்துல, பொண்ணோட மாமா சிரிச்சுட்டாராம். அன்னைக்கே அந்தப் பேச்சு முறிஞ்சுது" என்றாள் தராசு. "அடுத்து வந்தவங்க எல்லாத்துக்கும் 'ஓஹோ, ஓஹோ'ன்னாங்க. கல்யாணம் நடந்துடுச்சு. அப்பா, எனக்கு இந்தப் பையன் வேணும். நீ ஓஹோ சொல்லப் பழகு."

"உனக்கு அந்த நாப்பது பேர்ல நம்பிக்கை இருக்கா?" என்றார் அண்ணன்.

"சுத்தமா இல்ல. ஆனா கழுத்துல மாலை விழட்டும், அப்புறம் நான் பேசிக்கறேன்."

சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு ஒத்திகை நடந்தது. விற்காத அலமாரி ஒன்றைக் காட்டி, "இது லட்சம் வருஷத்துக் கல்லு" என்றாள் தராசு.

"ஐம்பதாயிரம்" என்றார் அண்ணன்.

"அப்பா!"

"ஓஹோ."

அது திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவன் சொல்கிற ஓஹோ. அண்ணிக்குத் தாங்கவில்லை. "கொஞ்சம் பணிவாச் சொல்லுங்களேன். சம்பந்தி பயந்து ஓடிடப் போறாரு."

"ஓ... ஹோ."

"இப்ப வயித்துவலி வந்தவர் மாதிரி இருக்கு."

இருட்டுவதற்குள் ஒரு மாதிரியாகத் தேறினார். மறுநாள் மதியம் நாங்கள் நான்கு பேரும் தலை வாரி, பவுடர் போட்டு, நான்கு ஓஹோக்களோடு கிளம்பினோம்.

டாக்டருக்குக் கீழே கிளினிக், மாடியில் வீடு. மனுஷன் வாசலுக்கே வந்து அண்ணனின் கையைப் பிடித்து அழைத்துப்போனார். முதலில் கிளினிக்கைக் காட்டினார். சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, துப்புகிற பீங்கான் கிண்ணம், எல்லாம் துடைத்துவைத்தாற்போல இருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்கக் கல் தூண், கல் கோபுரம், கல் முகம் என்று படம் ஒட்டியிருந்தார். மல்லாந்து படுத்திருப்பவன் வேறு எங்கே பார்க்க முடியும்?

"வர்ற ஒவ்வொருத்தருக்கும் விளக்கிச் சொல்வேன்" என்றார் டாக்டர் பெருமையாக. "இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட மறுத்துப் பேசினதில்ல."

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. எப்படி மறுப்பான்? வாய் நிறையப் பஞ்சு, நடுவில் டாக்டரின் இரண்டு விரல், பக்கத்தில் சுழல்கிற ஊசி. அந்த நிலைமையில் நிலாவை இவர்தான் செய்து மாட்டினார் என்று சொன்னாலும் நான் தலையாட்டுவேன். பஞ்சடைத்த வாய்களுக்கு மத்தியில் செல்லமாக வளர்ந்த கொள்கை. அதன் மேல் ஒரு வெயில் பட்டதில்லை.

மாடியில் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. பையன் ஒரு மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் டிவியில் முதல் படத்தைப் போட்டார். நாங்கள் ஓஹோ என்றோம். அடுத்து ஒரு மண்டையோட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். பின்பக்கம் சுரைக்காய் மாதிரி நீண்டிருந்தது.

"இந்த மாதிரி மண்டை நம்ம ஆளுங்களுக்கு உண்டா? பாருங்க."

அண்ணன் அதை வாங்கிக் கவிழ்த்தார். விரல் எலும்பால் தட்டிப் பார்த்தார். தராசு கண்ணை மூடிக்கொண்டாள்.

"பல் அச்சு எடுக்கற மாவுங்களா?" என்றார் அண்ணன்.

"ஆமா, படத்தைப் பார்த்து நானே வார்த்தேன்."

"ஓஹோ" என்றார் அண்ணன். அருமையான ஓஹோ. அண்ணி மூச்சு விட்டாள். பையன் நகத்தை விட்டான். இத்தோடு கரையேறிவிட்டோம் என்று நானும் இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டினேன்.

டாக்டர் அடுத்த படத்தைப் போட்டார். பெரிய பெரிய பாறைகளை அடுக்கிய ஒரு மேடை. "இதுக்கு என்ன வயசு தெரியுமா? பன்னிரண்டாயிரம் வருஷம்!"

"நாலு" என்றார் அண்ணன்.

அவர் சொல்லவில்லை, தூக்கத்தில் கொசு அடிப்பது போலத் தானாக வந்துவிட்டது. பாதியாவது கேட்டிருக்கலாம். மதிய நேரம், கொஞ்சம் கூடுதலாகவே குறைத்துவிட்டார்.

"என்ன நாலு?"

"நாலாயிரம். அதுக்கு மேல கல்லைப் பார்த்தா தெரியல."

அண்ணி மேஜைக்கு அடியில் உதைத்தாள். பட்டது எனக்கு. டாக்டர் முகம் சிவந்தது. "சார், இது ஆராய்ச்சி. பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான்!"

"நீங்க சொல்றீங்க, சரி. உங்களுக்காக நாலரை."

"பத்துக்குக் கீழ ஒரு வருஷம்கூட வராது!" என்று கத்தினார் டாக்டர்.

அவ்வளவுதான். ஒரு நொடியில் இரண்டாயிரம் வருஷம் கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் கவனித்தோம். அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். பல்லுக்கு ஒரே ரேட் சொல்லி வாங்கிப் பழகிய மனிதருக்குப் பேரம் என்றால் என்னவென்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பாவம், முழுசாக மாட்டிக்கொண்டார். மேடை ஐயாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றது.

"வருஷம் கிடக்கட்டும்" என்றார் அண்ணன். "நாப்பது பேர் எதுக்கு? அத்தனை பேருக்கு யாரு சோறு போட்டா?"

"அவங்க சாப்பிட மாட்டாங்க."

"சாப்பிடாதவன் எதுக்குங்க கல்லு தூக்கறான்?"

டாக்டர் யோசித்தார். "முப்பதுன்னு வெச்சுக்கலாம்."

"எங்க கடைக்கு ஒரு தச்சர் வந்துட்டுப் போனா, ஒரு மாசத்துக்குக் கால்ல ஆணி குத்தும். இத்தனை பேர் வேலை செஞ்சுட்டுப் போன இடத்துல ஒரு ஸ்பேனர் கிடைச்சுதா? ஒரு நட்டு?"

"கவனமான ஆளுங்க. எடுத்துட்டுப் போயிருப்பாங்க... இருபது."

"அம்புட்டுத் தூரத்துலேருந்து மெனக்கெட்டு வந்தவன், நமக்குக் கல்லை அடுக்கிக் குடுத்துட்டு வெறுங்கையோட போவானா? கூலி வாங்காத கொத்தனார எங்கயாவது கண்டிருக்கீங்களா?"

"பத்து!"

"ஒண்ணு."

"ஒருத்தன் எப்படிங்க தூக்குவான்?"

"தூக்க வேணாம். வந்தான், ஓரமா நின்னான், நம்ம ஆளுங்க கட்டினதைப் பார்த்தான், 'பலே'ன்னான், போயிட்டான். அதுக்கு நான் ஒத்துக்கறேன்."

டாக்டருக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் ஒரு பிரகாசம். "ஆறு. கடைசி."

அண்ணன் கையை உதறினார். "சரிவராது, விடுங்க" என்று எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

இங்கேதான் தப்பு நடந்தது. பேரத்தில் எழுந்து போவது என்பது போவதற்கு அல்ல, கூப்பிடப்படுவதற்கு. ஒருவர் எழுந்தால் கூட வந்தவர்கள் எல்லோரும் எழ வேண்டும், ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலும் விலை இறங்காது. இது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அண்ணி எழுந்தாள். நான் எழுந்தேன். பாலோடு ஊட்டியது விடுமா, தராசும் எழுந்து எங்களுக்கு முன்னால் படியிறங்கிவிட்டாள்! தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது.

"அப்பா, என்ன பண்ணினே? அது கடை இல்ல, வீடு!"

"மெதுவா நட. திரும்பாதே. இப்பக் கூப்பிடுவார்."

நடந்தோம். யாரும் கூப்பிடவில்லை. இன்னும் மெதுவாக நடந்தோம். சைக்கிள் கடைக்காரன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான். தெருமுனைக்கு வந்து, விளம்பரச் சுவரொட்டி ஒன்றைக் குடும்பத்தோடு படிக்க ஆரம்பித்தோம்.

"கூப்பிடல" என்றாள் அண்ணி.

"கூப்பிடுவார். நல்லாச் சூடாயிருந்தார்."

"அவருக்குக் கூப்பிடணும்னே தெரியாதுப்பா! சம்பந்தம் முறிஞ்சுதுன்னு நினைச்சிருப்பார்" என்றாள் தராசு. "நான் போறேன்."

"கூப்பிடாம திரும்பிப் போனா மரியாதை என்ன ஆகறது?"

"உன் மரியாதைய நீயே கட்டிக்கோ. நான் அவனைக் கட்டிக்கணும்."

அண்ணி என்னைப் பிடித்து அவள் பின்னால் தள்ளினாள். ஓடினேன்.

மாடியில் வீடு சாவு விழுந்த மாதிரி கிடந்தது. டாக்டர் அந்தச் சுரைக்காய் மண்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் எங்களைத் துரத்திப் பிடிக்கும் அவசரத்தில் இடது ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். டாக்டரின் மனைவி, "வந்தவங்களத் துரத்திட்டீங்களே, சந்தோஷமா?" என்று பொரிந்துகொண்டிருந்தார்.

"உங்கப்பாவுக்கு அவ்வளவு கோவமாம்மா?" என்றார் டாக்டர்.

"கோவமா? தெருமுனையில நின்னு, நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னு காத்துட்டு இருக்கார், மாமா."

"எழுந்து போனவரை எதுக்குக் கூப்பிடணும்?"

"கூப்பிடறதுக்குத்தான் எழுந்து போனார்."

டாக்டருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்து ஜன்னலுக்குப் போகப் பார்த்தார். தராசு வழியை மறித்தாள்.

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். எங்கப்பா ஒரு ஆளுக்கு ஒத்துக்கிட்டார். நான் ஒத்துக்கல. பாரம் தூக்கறதுதான் என் வேலை. கயிறு, உருட்டுக்கட்டை, மண்ணைக் கொட்டி ஒரு சரிவு, இழுக்க நூறு பேர், கோவப்படாத ஒரு மேஸ்திரி. இருந்தா அந்தக் கல்லு நகரும். நகர்த்தினாங்க, மாமா. கை நசுங்கியிருக்கும், முதுகு ஒடிஞ்சிருக்கும். அவங்க பட்ட பாட்டையெல்லாம் நட்சத்திரத்துக்காரன் பேர்ல எழுதிக்குடுக்க எனக்கு மனசு வரல. என் கணக்கு பூஜ்யம். ஆனா உங்க பையன் வேணும். இதைச் சொல்லாம உள்ள வந்தா, ஆயுசுக்கும் நான் ஓஹோ சொல்லிட்டே இருக்கணும். என்னால முடியாது."

பையன் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டான்.

டாக்டர் மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆதாரம் கிடைச்சா?"

"கிடைச்ச அன்னைக்கே நான் ஒரு ஆளைச் சேர்த்துக்கறேன்."

"எவ்வளவு ஆதாரம்?"

"ஒரு ஸ்பேனர்."

"அரை ஸ்பேனர்?"

"மாமா!"

டாக்டர் சிரித்தார். முதலில் மூக்கால், அப்புறம் வயிற்றால். மண்டையோடு கையிலிருந்து நழுவி உருண்டு சோபாவுக்கடியில் போயிற்று, அவர் தேடவில்லை. "பெரிய மருமக வீட்டுல எல்லாரும் ஓஹோன்னாங்கம்மா. இப்ப நான் போனாலே ஆளுக்கொரு ரூமுக்குள்ள போயிடறாங்க. இன்னைக்குத்தான் ஒரு மனுஷன் எனக்கு எதிர உக்கார்ந்து, நான் சொன்னதுக்குப் பதில் சொன்னார். அவரும் எழுந்து போயிட்டாரேன்னு..." முடிக்காமல் ஜன்னலைத் திறந்தார்.

திறந்தவருக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வாயில் பழகிய வார்த்தைதான் வந்தது.

"அடுத்தது யாரு? உள்ள வாங்க!"

தெருவில் போன ஒருவர் பயந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். முனையில் அண்ணன் அசையவில்லை. முதல் குரலுக்குத் திரும்புகிறவன் வியாபாரியா? அண்ணிக்கு அந்தத் தர்மமெல்லாம் அலுத்துவிட்டது. தோளைப் பிடித்து அவரை அலமாரி போலத் திருப்பி நிறுத்தினாள்.

டாக்டர் பொறுக்க முடியாமல் வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடினார். இருவரும் நடுத்தெருவில் சந்தித்தார்கள். "உங்க பொண்ணு பூஜ்யம்ங்கறா!" என்றார் டாக்டர்.

"அவகிட்ட என் பாச்சாவே பலிக்காது. நீங்க எம்மாத்திரம்?"

"சரி, அது போகட்டும். கடலுக்கடியில முழுகிப்போன ஒரு நகரம் இருக்கு. அதைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?"

"எவ்வளவு பெருசு?" என்றார் அண்ணன், வேட்டைக்காரன் குரலில்.

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. இருவரும் நகரவில்லை. நகரத்துக்குக் கோட்டை உண்டா இல்லையா என்பதில் இருந்தார்கள். வேன்காரன் எட்டிப்பார்த்து, "பெரியவங்களே, வீட்டுக்குள்ள போய்ச் சண்டை போடக் கூடாதா?" என்றான். "சண்டை இல்ல தம்பி, சம்பந்தம் பேசறாங்க" என்றாள் அண்ணி.

கல்யாணத் தேதியைப் பையனும் தராசும் வாசற்படியிலேயே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். தெருவுக்கு வந்து சொன்னபோது சம்பந்திகள் இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். நகரம் அதற்குள் ஒரு குக்கிராமம் அளவுக்குச் சுருங்கியிருந்தது; டாக்டர் அதற்கு ஒரு கலங்கரை விளக்கமாவது வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.